கணக்கு நோட்டுல எடை, சயின்ஸ் நோட்டுல நிறை

பிப். 3, செவ்வாய்

பனி இன்னும் விடல. கீழப்பழுவூர்ல பஸ் ஏறும்போது எதிர்ல நிக்கிற ஆளே தெரியல. சுண்ணாம்புக்கல் லாரிங்க மட்டும் லைட்டைப் போட்டுக்கிட்டு வரிசையா. அரியலூர்ல மாறி பெரம்பலூர் போறதுக்குள்ள ஒன்பதே கால். லேட். திட்டு.

போர்டுல தேதி ஒட்டிட்டாங்க. கற்பித்தல் பயிற்சி, கடைசித் தேர்வு, 12ஆம் தேதி வியாழன். காலைல கணக்கு, மத்தியானம் ஃபிசிக்ஸ். ரெண்டுக்கும் அதே ஸ்கூலு, அதே 9 ஆ, அதே நாப்பது புள்ளைங்க. ஒரே நாள்ல ரெண்டு தடவை தூக்கு.

இந்த நாலு வருஷ பி.எஸ்சி. பி.எட்.ல ரெண்டு பாடம் எடுத்த மகராசிங்க எங்க செட்ல ஏழு பேரு. ஒன்னுல ஃபெயிலானாலும் ரெண்டையும் அடுத்த வருஷம் திரும்ப எடுக்கணுமாம். இனிமே சுருக்கமா எழுதிக்கிறேன்: க.மே. = கணக்கு மேடம், ஃபி.சா. = ஃபிசிக்ஸ் சார். ரெண்டு பேரும் எனக்கு கைடு. கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே ரெண்டு மாமியார்.

சாயங்காலம் அரியலூர் பிரைவேட் ஸ்கூல்காரர் போன். "பாஸ் பண்ணிட்டு ஜூன்ல வந்துடுங்கம்மா. கணக்கும் சயின்ஸும் ஒரே ஆளு எடுத்தா எங்களுக்கு வசதி." அவருக்கு வசதி. எனக்கு உசுரு போவுது.

பிப். 5, வியாழன்

வாங்கணும்: சார்ட் 4. ஸ்கெட்ச் கறுப்பு, பச்சை. டபுள் டேப். சேலைக்கு ஃபால்ஸ். லேப்ல கையெழுத்துப் போட்டு சுருள்வில் தராசு.

கணக்குல சராசரி எடுக்கப் போறேன். அஞ்சு புள்ளைங்களோட புத்தகப் பையைத் தராசுல தொங்கவிட்டு, சராசரி எடை. மத்தியானம் ஃபிசிக்ஸ்ல நிறையும் எடையும். அதே தராசு, அதே பைங்க. ரெண்டு பாடத்துக்கும் ஒரே துணைக்கருவி! என் மூளையை நினைச்சு எனக்கே பெருமை.

ரஹ்மத்துகிட்ட சொன்னேன். லெப்பைக்குடிக்காட்டுப் பொண்ணு, கணக்கு + கெமிஸ்ட்ரி, நாலு வருஷமா என் பக்கத்து சீட்டு. "மாஷா அல்லாஹ். யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுடும்"னா.

பிப். 6, வெள்ளி

பட்டுடுச்சு.

லெசன் பிளான் கையெழுத்துக்குப் போனேன். ஃபி.சா. ஃபிசிக்ஸ் பிளானைப் பாத்துட்டு சும்மா இருக்காம கணக்கு பிளானையும் புரட்டினார். யாரு கேட்டா? "பையின் எடை = 4 கிகி"ன்னு இருந்த இடத்துல சிவப்பு வட்டம். "ஏம்மா, ஃபிசிக்ஸ் படிச்சுட்டு எடையை கிலோல எழுதுற? வெளில சொல்லிடாத. கிலோன்னா நிறை. எடைன்னா நியூட்டன். மாத்து."

மாத்தி எடுத்துக்கிட்டு மாடிக்கு. க.மே. கண்ணாடியை இறக்கிப் பாத்தாங்க. "நிறையா? கணக்குப் புத்தகத்துல எடைன்னுதானே இருக்கு? புத்தகத்துல இருக்கறத நடத்து. புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேணாம்."

மறுபடி கீழ. மறுபடி மேல. நாலு தடவை. முட்டி வலி. ரெண்டு பேரும் ஒரே ஸ்டாஃப் ரூம்ல டீ குடிக்கிறவங்க, ஒரு வார்த்தை பேசிக்கக்கூடாதா? நான்தான் தபால்காரி.

கடைசில கணக்கு பிளான்ல எடை, ஃபிசிக்ஸ் பிளான்ல நிறை. அவங்கவங்களுக்கு அவங்கவங்க இஷ்டம். ரெண்டு கையெழுத்தும் வாங்கியாச்சு.

ரஹ்மத்து: "கடையில போய் ரெண்டு கிலோ நிறை சீனி குடுங்கன்னா கேப்ப? விடுடி. எந்தப் புள்ள இதையெல்லாம் கவனிக்கப் போவுது."

பிப். 9, திங்கள்

குரும்பலூர் பக்கம் ஸ்கூல். ஒத்திகை வகுப்பு. தொண்டை கட்டல், அதுவரைக்கும் நல்லது.

9 ஆ-ல மகாலட்சுமின்னு ஒன்னு. மூணாவது பெஞ்சு, ஒல்லி, எண்ணெய் வழியற ரெட்டைச் சடை. எதுக்கெடுத்தாலும் "ஏன் மிஸ்?" சைபரால வகுத்தா ஏன் மிஸ் விடை வராது? பத்து நிமிஷம் ஓடிப் போச்சு, பாடம் முடியல. ஆனா அந்தப் பத்து நிமிஷம்தான் இந்த மாசத்துலயே நான் டீச்சரா இருந்த நேரம். பஸ்ல வர்றப்ப தனியா சிரிச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்து சீட்டு அக்கா ஒரு மாதிரி பாத்துச்சு.

பிப். 11, புதன்

சோறு இறங்கல. அம்மா மோர் மட்டும் குடுத்துச்சு.

அப்பா பருத்திக் காட்டுலேர்ந்து வந்து கை கழுவிக்கிட்டே, "ஒன்னை ஒழுங்கா படின்னேன். ரெண்டு படிச்சா ரெண்டு சம்பளமா குடுக்கப் போறான்?" நாளைக்கு எக்ஸாம் வெச்சுக்கிட்டு கேக்கற கேள்வியா இது? கத்திட்டேன். அப்பறம் பாவமா போச்சு.

நாளைக்கு: தராசு, சார்ட், சாக்பீஸ், தண்ணி பாட்டில். சேலைப் பின்னு மறக்காத.

பிப். 12, வியாழன்

எழுதியே ஆகணும். இல்லன்னா தூக்கம் வராது.

காலை நல்லா போச்சு. பை தொங்கவிட்டதுல புள்ளைங்களுக்கு ஒரே குஷி. அஞ்சு பை, சராசரி எடை 4.5 கிகி. மகாலட்சுமிதான் முதல்ல போட்டா. அவ நோட்டுல டிக் போட்டு 'மிக நன்று'ன்னு எழுதினேன். வெளி காலேஜ்லேர்ந்து மார்க் போட வந்த கணக்கு எக்ஸ்டர்னல் தலையாட்டினாங்க.

மத்தியானம். பின்னாடி ஃபிசிக்ஸ் எக்ஸ்டர்னல், வயசானவர், கையில பென்சில். அவருக்கு அந்தப் பக்கம் ஃபி.சா., இந்தப் பக்கம் க.மே. போர்டுல எழுதினேன்: பையின் எடை = 4.5 கிகி. சரியா, தவறா? எல்லாரும் "சரி மிஸ்"னு கத்துச்சுங்க. அதைத்தான் எதிர்பாத்தேன், பிளான்லயே அப்படித்தான். "தவறு! 4.5 கிலோங்கறது நிறை. எடை 44.1 நியூட்டன். எடையைக் கிலோல எழுதினா மார்க் கிடையாது."

மகாலட்சுமி எந்திரிச்சா. கையில கணக்கு நோட்டு.

"மிஸ், காலைல நீங்கதானே இதுக்கு டிக் போட்டீங்க?"

பின்னாடி பென்சில் நின்னுடுச்சு. க.மே. என்னையே பாக்குறாங்க. ஃபி.சா. என்னையே பாக்குறார். காதுக்குள்ள ஜூன், அரியலூர், அடுத்த வருஷம், எல்லாம் ஒன்னா இரையுது.

சொல்லியிருக்கலாம். 'காலைல நான் கடையில பேசுற மாதிரி எழுதிட்டேன், சயின்ஸ்ல அதுக்குப் பேரு நிறை, நீ கண்டுபிடிச்சது சரி.' மூணு வரி. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயில வந்தது:

"கணக்கு நோட்டுல எடைன்னு எழுது. சயின்ஸ் நோட்டுல நிறைன்னு எழுது. ரெண்டையும் கொழப்பிக்காத. உக்காரு."

"ஒரே பைதானே மிஸ்?"

"உக்காருன்னேன்ல."

உக்காந்துட்டா. அதுக்கப்பறம் வகுப்பு கப்சிப். மீதிப் பாடத்தை மெஷின் மாதிரி முடிச்சேன். பெல்.

வெளில வந்ததும் ரஹ்மத்து கையைப் பிடிச்சுக்கிட்டு, "எப்டிடி போச்சு?" "போச்சு"ன்னேன். எந்த அர்த்தத்துலன்னு அவளும் கேக்கல.

பிப். 13, வெள்ளி

தலைவலி. காலேஜ் போகல. ஒன்னும் எழுதப் பிடிக்கல.

பிப். 17, செவ்வாய்

ரெண்டுலயும் பாஸ்.

ஃபிசிக்ஸ்ல எங்க செட்லயே நான்தான் முதல். ஃபி.சா. குறிப்புத்தாளையே காட்டினார். எக்ஸ்டர்னல் பென்சில்லயே எழுதியிருக்கார்: 'வகுப்பறைக் கட்டுப்பாடு மிக நன்று. மாணவியின் தேவையற்ற குறுக்கீட்டைத் திறமையாகச் சமாளித்தார்.' க.மே. முதுகுல தட்டினாங்க. "நல்லா அடக்கினடி அந்தப் பொண்ணை." நாலு வருஷத்துல ரெண்டு மாமியாரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்துலதான்.

அரியலூருக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். அப்பா பக்கோடா வாங்கிட்டு வந்தார். தின்னேன். மிச்சத்தை அம்மா தட்டுல தள்ளிட்டேன்.

பிப். 18, புதன்

வெயில் வந்துடுச்சு. பனியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

டிரெயினிங் முடிஞ்சுபோச்சு, ஸ்கூலுக்குப் போற வேலையே இல்ல. சார்ட்டை விட்டுட்டேன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டுப் போனேன். சாப்பாட்டு நேரம். மகாலட்சுமி குழாய்கிட்ட தட்டைக் கையில வெச்சுக்கிட்டு வரிசையில நின்னா. தனியா கூப்பிட்டேன்.

"மகா, அன்னிக்கு நீ கேட்டதுதான் சரி. பை ஒன்னுதான். காலைல நான் எழுதினதுக்கு நிறைன்னு பேரு. நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

"பரவால்ல மிஸ்."

தரையையே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம், "எங்க கிளாஸ் மிஸ் திட்டுனாங்க மிஸ். பரீட்சைக்கு வந்தவங்க முன்னாடி எந்திரிச்சுக் கேட்டா உங்களுக்கு மார்க்கு போயிடுமாம். எனக்குத் தெரியாது மிஸ். சாரி மிஸ்."

அப்பத்தான் நிமிந்து பாத்தா.

"மார்க்கு போட்டுட்டாங்களா மிஸ்?"

"போட்டாங்க. பாஸ்."

"அப்ப சரி மிஸ்"னு சொல்லிட்டு தட்டைக் கழுவப் போயிட்டா.