பொறு என்று எழுதிய வரி

அன்பு மகள் சிவதர்ஷினிக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, டப்ளின் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உறங்கினால் அதுவே எங்களுக்குப் போதும். நீ உறங்குவதில்லை என்று அம்மா சொன்னாள். ஜூரோங் தொழிற்சாலையில் நடந்ததற்கு நீ எனக்குக் கற்றுத்தந்த சி என்ற கணினி மொழிதான் காரணம் என்று அவளிடம் போனில் அழுதாயாம். போனில் நான் தொடங்கினால் நீ முடிக்க விடமாட்டாய், அதனால்தான் கடிதம், முழுவதும் படி.

அங்கே ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ்ஸுக்கு இருபத்தாறு வருடத்துக்கு முன் நான் புரோகிராம் எழுதியது அசெம்பிளி என்ற பழைய கணினி மொழியில். அது பொல்லாத மொழி, இந்த எண்ணை எடு, அங்கே வை, ஒன்றைக் கழி என்று ஒவ்வொரு அடியையும் நாமே சொல்லவேண்டும், ஆனால் சொன்னதை அப்படியே செய்யும். மெஷினை இயக்கப் புதிய எலக்ட்ரானிக் போர்டு வந்ததும் அந்த வரிகள் அதில் ஓடாது என்றாகிவிட்டது. டிசம்பரில் நீ சிங்கப்பூருக்கு வந்து நம் சிராங்கூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிச் செய்யணும்னு சொல்ல வேண்டாம் லா அப்பா, என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த, நாம எழுதுறத மெஷின் மொழிக்கு மாத்துற கம்பைலர் பார்த்துக்கும்" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது, இந்த வயதில் மகளிடம் பாடம் கேட்கிறேனே என்று.

பிரஸ்ஸில் ரப்பர் துண்டை எடுத்துக் கை வெளியே வந்ததும் தட்டு உடனே இறங்கக்கூடாது. அச்சில் ஒட்டிய பிசிறைத் துடைக்க ஆட்கள் இன்னொரு முறை கையை விடுவார்கள், எந்தக் கையேட்டிலும் இல்லாத வழக்கம் அது. அதற்காக மெஷினைச் சும்மா எண்ண வைத்திருந்தேன், எண்ணி முடிக்க நான்கு வினாடி, எண்ணி என்ன செய்யும் என்றால் ஒன்றும் செய்யாது. அந்த வரிக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் பொறு என்று குறித்திருந்தேன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வழக்கம், நம் வீட்டில் வெயிட் என்று யார் சொல்கிறார்கள். நீ அதைப் போரு என்று படித்து, மெஷினுக்குப் போரடிக்கிறதா என்று கேட்டாய். நீ சிரித்துப் பார்த்து எத்தனை நாள், நானும் சிரித்து ஆமாம் என்றேன். விளக்கியிருக்கவேண்டிய இடம் அதுதான். பிறகு அதே எண்ணிக்கையை சி மொழியில் எழுதினேன், வீட்டில் சோதித்தபோது சரியாக நின்றது. தொழிற்சாலைக்குக் கொடுக்கும்போது புரோகிராம் வேகமாக ஓடட்டும் என்று கணினித் திரையில் ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டேன். ஒன்றும் செய்யாத வரி எதற்கு என்று கம்பைலர் அதை எடுத்துவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது, எண்ணு என்றுதான் எழுதினேனே தவிர காத்திரு என்று நான் கேட்கவே இல்லை.

மூன்று நாள் பிசிறு ஒட்டவில்லை. நாலாம் நாள் ஒட்டியது, ரிஸ்வான் என்ற ஆபரேட்டர் துடைக்கக் கையை விட்டான், தட்டு காத்திராமல் இறங்கியது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அவன் அவசரப்பட்டதாக அறிக்கை எழுதிவிட்டார்கள். பிழை என் புரோகிராமில் என்று மேலாளரிடம் போய்ச் சொன்னேன், அறிக்கை போய்விட்டது, நீங்கள் வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார். எழுதியும் கொடுத்தேன். பதில் இல்லை, இனி வராது.

ரிஸ்வான் தன் ஊருக்குத் திரும்பிப் போவதற்கு முதல்நாள் அவனை ஜாலான் புசாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். இடக்கையால் தே தாரிக் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "நான்தான் சார் கொஞ்சம் பொறுத்திருக்கணும்" என்றான். மனைவியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறானாம். சொல்லப் போனதைச் சொல்லாமலே டீயைக் குடித்து முடித்தேன் பிள்ளை. பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன், விடைபெறக் கையை நீட்டிவிட்டுப் பிறகுதான் நினைவு வந்து இழுத்துக்கொண்டேன். அவனுடைய ஊர் நம்பரைக் கேட்கவில்லை, அவனுடைய இங்குள்ள நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. அவன் தன்னையே நொந்துகொண்டு வாழப்போகிறான், அதை மாற்ற என்னிடம் இனி வழி இல்லை.

ஆகவே உன் பெயரை இதில் சேர்க்காதே. நீ கேட்டாய், நான் சொல்லவில்லை. சிவன் துணையிருப்பார், நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இரு. கம்பளித் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. உன் வேலையில் யாரோ எழுதிவைத்த, ஒன்றும் செய்யாத வரி கண்ணில் பட்டால் எதற்கென்று கேள். எழுதியவர் சிரித்து மழுப்பினால், அது அப்பாவாகவே இருந்தாலும், மறுபடி கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பேரின்பநாயகம்