தைக்குப் பெயர்ந்த கோடை

விருதுநகர்,
மாசித் திங்கள், 1964

அன்பு மகன் இளவழுதிக்கு,

நாங்கள் இங்கு நலத்தோடும் வியர்வையோடும் இருக்கிறோம். நீயும் மெல்போர்னில் எப்பருவமாயினும் நலமே இருப்பாயாக.

"கோடை விடுமுறைக்கு வருகிறேன்" என்று நீ எழுதியதை நம்பித்தான் உன் தங்கை பூங்கோதையின் திருமணத்தை வைகாசியில் வைத்தோம். கோடை என்றால் வைகாசி. இதில் ஐயுற என்ன இருக்கிறது? இப்போது வந்த உன் மடலோ, அங்கே மார்கழியும் தையும்தாம் கோடை, வைகாசியில் குளிரும் தேர்வும் என்கிறது. படித்துக் காட்டியதும் உன் தாய், "மார்கழியில வெயிலடிக்குதாம்ல! எம்புள்ளைக்கு எவளோ வெள்ளைக்காரி மருந்து வச்சிட்டா" என்று அழத் தொடங்கினாள். பூங்கோதையோ, மாப்பிள்ளைக்கு மோதிரம் அணிவிக்க உடன்பிறந்தான் வராத மணவறையில் தான் அமர்வதில்லை என்று அழுதவாறே சூளுரைத்துவிட்டாள்.

ஆகவே நாளை மாற்றக் கோரித் தாயில்பட்டிக்குச் சென்றேன். சம்பந்தி சங்கரபாண்டியனின் பட்டாசுக் கம்பெனி அலுவலறையில், நார்த்தங்காய் ஒன்றில் குடைக்கம்பியைச் செருகிச் சாய்த்துப் பிடித்து, "இதுவே ஞாலம்! தலை சாய்ந்தவாறே ஞாயிற்றை வலம் வருகிறது. நம் பாதி ஞாயிற்றின் பக்கம் சாயுங்கால் நமக்கு வேனில், மெல்போர்னுக்குக் குளிர்; ஆறு திங்கள் கழிந்தால் நிலைமை தலைகீழ்! என் மைந்தன் பொய்யன் அல்லன், புவியே கோணல்!" என்று முழங்கினேன். கைதட்டல் இல்லை. ஞாயிறு இல்லாததே குறை எனக் கருதி, பையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்து நிறுத்தித் தீக்குச்சியை உரசினேன்.

அடுத்த நொடி அவ்வறையில் நானும் ஞாலமும் மட்டுமே இருந்தோம். "ஏலே சோணை, ஊத்துலே!" என்று வெளியே ஒரு குரல். கணக்கர் சோணைமுத்து ஒரு வாளி நீரை என்மீதும் ஞாயிற்றின்மீதும் ஒருங்கே கவிழ்த்தார். வேப்பமரத்தடிவரை ஓடிவிட்ட சம்பந்தி, "மேடையில நெருப்பக் கக்குங்க, அது ஒங்க தொழிலு. இங்கன வேணாம் சம்பந்தி, கும்புடுறேன்" என்றார்.

சொட்டச் சொட்ட நின்று, தையில் வைக்கலாமா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லப்படாதா? வைகாசி வெயிலுலதான் தீபாவளி ஆர்டர் அம்புட்டும் காயணும். ஒரு நா வெயிலு போனா ஒரு லோடு போச்சு. வேணாமுன்னு சொன்னா விடிய விடியப் பேசுவீகளேன்னு பயந்துல்ல வாய மூடிக்கிட்டு இருந்தேன்! ஆனா ஒண்ணு, கல்யாணத்தன்னிக்கு நீங்க மைக்கைத் தொடப்படாது."

பெற்ற மகளின் மணமேடையில் நாக்கட்டி நிற்பதா என்று குருதி கொதித்தது. அவள் அழுத முகத்தை எண்ணி ஒப்புக்கொண்டேன். தையில் முகூர்த்தம் உறுதி. இப்போது வீட்டில் அவள் சிரிப்புத்தான் கேட்கிறது.

வைகாசிக் குளிருக்கென உன் தாய் கம்பளி அனுப்புகிறாள். வைகாசிக்குக் கம்பளியா என்று அஞ்சலகத்தார் நகைத்தனர். அவர்களுக்கும் விளக்கினேன், தீயின்றி. தேர்வில் கருத்தூன்று, மார்கழி பிறக்குமுன் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிடு. நோயின்றி, குறைவின்றி, பெரும்புகழ் பெற்று நீடு வாழ்க!

மறவாதே: மணவிழா வரவேற்புரை உன்னுடையது. அதை நானே எழுதிவிட்டேன். கனம் மிகுதியாதலால் தனிக் கட்டாகக் கப்பல் அஞ்சலில் வருகிறது. ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்து வா. உன் வாய்க்குச் சம்பந்தி நிபந்தனை ஏதும் விதிக்கவில்லை.

உன் வெற்றியை விழையும் தந்தை,
பெத்தணன்