சலங்கைக்குச் சாக்ஸ் மாட்டியவருக்கு

ஓய், நான் இப்போது குடியிருக்கும் கரோல் பாக் வீட்டுக்கு எதிரே ஒரு பஞ்சாபி அம்மாள், குளிர் வருகிறதென்று கம்பளங்களை வெயிலில் தொங்கவிட்டுக் கட்டையால் சாத்திக்கொண்டிருக்கிறாள். அந்துருண்டை வாசனை தெருவைத் தாண்டி என் காபியில் விழுந்தது. உடனே நீர் வந்து உட்கார்ந்துவிட்டீர். செத்த பிறகும் ஓசையில்லாமல்தான் வருகிறீர், வே.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் மாடியில் உமக்கும் எனக்கும் எதிரெதிர் வீடு. உமக்கு நேர் கீழே உம் செக்‌ஷன் ஆபீசர் குடிவந்தாரே, அன்று பிடித்தது சனி. உம்மைப் பற்றி வருஷா வருஷம் ரகசிய அறிக்கை எழுதுகிற கை உம் காலடியில் படுத்துத் தூங்குகிறது என்ற நினைப்பே உமக்கு ஜுரம் கொடுத்தது. பாவம், அந்த மனுஷன் ஒரே ஒரு தரம் மாடிப்படியில் சிரித்துக்கொண்டே, மேலே டான்ஸ் நடக்கிறதா என்று இந்தியில் விசாரித்தார். நீர் தூக்குத்தண்டனைத் தீர்ப்பைக் கேட்ட முகத்தோடு மேலே வந்தீர்.

ஆடியது உம் மகள் கோமதி. அம்மா இல்லாத பிள்ளை. சாயங்காலம் அவள் தட்டடவு போட்டால் என் வீட்டு டம்ளரில் தண்ணீர் நடுங்கும். குதுப்மினார் ஒரு அங்குலம் நகரும். அப்படிப்பட்ட கால்.

தோளில் கம்பளச் சுருளோடு வந்த காஷ்மீரிக்காரன் அந்த வருஷம் உம்மால் பணக்காரனானான். கம்பளத்துக்கு மேல் ஜமுக்காளம், அதற்கு மேல் குளிருக்குப் போர்த்தும் பழைய பஞ்சு ரஜாய். மொகலாயர் அத்தனை பேரும் சேர்ந்து விரித்திருந்தாலும் அவ்வளவு விரித்திருக்க மாட்டார்கள். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளி உறை, மிக்ஸிக்கு அடியில் தலையணை. உம் வீட்டில் கொசுகூட செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தது. கடைசியில் அந்தப் பிள்ளையின் சலங்கைக்கு மேல் உம்முடைய ஆபீஸ் சாக்ஸை இழுத்து மாட்டினீர். அவள் அதோடும் ஆடினாள், வருஷக்கணக்காக.

நவராத்திரி மேடை ஞாபகம் இருக்கிறதா? சாக்ஸ் இல்லை, கீழே வெறும் மரப்பலகை. ஆனாலும் கோமதி மேகத்தில் ஆடுவதுபோல ஆடினாள். சலங்கை ஏதோ தூக்கத்தில் முனகியது. டான்ஸ் டீச்சர் எல்லார் எதிரிலும் சொன்னாள்: "இந்தப் பொண்ணுக்குக் காலே இல்லையே." நீர் என் காதில் பெருமையாகச் சொன்னீர்: "பாத்தீரா வே, பூ மாதிரி வைக்கா." இறங்கி வந்த பிள்ளையிடம் ஏனம்மா இப்படி என்று கேட்டேன். "ஆதத் ஆயிடுச்சு, மாமா. பழகிட்டேன்" என்றாள். சலங்கையை அன்று அவிழ்த்தவள் பிறகு கட்டவில்லை.

ஆபீசர் குடிவந்த மறு மார்ச்சிலேயே மாற்றலாகிப் போயிருந்தார். கம்பளம் போகவில்லை. கேட்டதற்கு, "இந்த அமைதி பழகிட்டு வே" என்றீர்.

கோமதி வேலைக்குப் போக ஆரம்பித்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் பெட்டியோடு உம் நாற்காலிக்குப் பின்னால் நடந்து வெளியே போய்விட்டாள், உமக்குப் பிடிக்காத ஒருவனோடு புனாவுக்கு. நீர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர். மறுநாள் எனக்குத்தான் போன் செய்தாள். "ரொம்ப நேரம் பின்னாடியே நின்னேன், மாமா. அப்பா திரும்பினா போயிருக்க மாட்டேன்."

அதை அப்படியே உம்மிடம் சொன்னேன். மறைத்திருக்கலாம். உமக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

அன்றே கம்பளம் அத்தனையையும் சுருட்டி மாடியிலிருந்து தள்ளினீர். கீழே சோன்பப்டி வண்டிக்காரன் மயிரிழையில் தப்பினான். மேலே வந்து, "இனி வரும்போது காலைத் தட்டிக்கிட்டு வாரும், வே" என்றீர். தட்டிக்கொண்டுதான் வந்தேன், யானைப் படைபோல. ஒவ்வொரு தரமும் சட்டென்று கதவைப் பார்ப்பீர். நான் என்று தெரிந்ததும் உம் மூஞ்சி தொங்குவதைப் பார்ப்பேன். என்றாலும் மறுநாளும் தட்டிக்கொண்டேதான் வந்தேன்.

உம்மைக் கிடத்தியிருந்த அன்று கோமதி வந்தாள். வெறும் சிமெண்டுத் தரை. ஆபீஸ்காரர்கள் நடந்தால் வீடே அதிர்ந்தது. அவள் வாசலிலிருந்து உம் தலைமாடு வரைக்கும் நடந்தாள். சத்தமே வரவில்லை. பக்கத்தில் நின்றிருந்த எனக்கே, அவள் குனிந்த பிறகுதான் வந்திருப்பது தெரிந்தது.

இப்போதும் யார் வீட்டு வாசலிலும் என் கால் ஓங்கித்தான் விழுகிறது. கீழ்வீட்டுக்காரன் திட்டுகிறான். உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.