கண்ணாடிப் பெட்டியில் உன் முகம்

அன்புள்ள குதிரைக்காரனுக்கு,

கட்டைவண்டி எழுதுவது. தபாலில் கடிதம் வந்ததே என்று பயந்துவிடாதே, உயிரோடுதான் இருக்கிறேன். பதினெட்டு நாளாக நான் பதில் போடாததற்கு நீ என்னென்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். நீல டிக் விழுந்திருக்கும். படித்துவிட்டு நழுவிவிட்டான், பிடிக்கவில்லை போல என்று நினைத்திருப்பாய். ஆன்லைன் செஸ்ஸில் எப்போதும் குதிரையையே ஓட்டுகிற நீ, ஒரு காயை நகர்த்த நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் குளித்துச் சாப்பிட்டு வந்துவிடுவதாகச் சொல்லி என்னைக் கட்டைவண்டி என்று கேலி செய்வாய். இது அந்தத் தாமதம் இல்லை. உன் கேள்வியைப் படித்த கொஞ்ச நேரத்தில் ஃபோன் என் கையில் இல்லை.

"பதினாலாம் தேதி உங்க ஊர்ல ரயில் மாற ரெண்டு மணி நேரம் இருக்கு, உங்க கடைக்கு வர்றேன், அப்ப உன் கையைப் பிடிச்சுக்கலாமா, தப்பா எடுத்துக்க மாட்டியே" என்று நீ அனுப்பியதை மாடிப்படியில் உட்கார்ந்து ஏழு தடவை படித்தேன். எட்டாவது தடவை படிக்கும்போது பின்னால் அப்பா நின்றார். திரையை அணைத்துவிட்டேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "யாருடா அந்தப் பொண்ணு?" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. பெண் என்று அவரே முடிவு செய்தது அப்போது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இப்போது இல்லாத பெண்ணுக்காக நான் ஜெயிலில் இருக்கிறேன். ஃபோன் எங்கள் ஃபோட்டோ கடை டிராயரில், சாவி அப்பாவின் சட்டைப் பையில். பரீட்சை முடிகிறவரை பள்ளி விட்டால் கடை, கடை விட்டால் வீடு. கூட்டிப்போக அவரே ஸ்கூட்டரோடு பள்ளி வாசலில் நிற்கிறார். சாப்பிடும்போது தினமும் ஒரு தடவை, "பேரைச் சொல்லிடு, திட்டமாட்டேன்" என்கிறார். அக்கா வேறு என் வகுப்புப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி என் முகத்தையே பார்க்கிறாள். எதற்கும் முகம் மாறவில்லையாம். எனக்கு அழுத்தக்காரன் என்று பட்டம் கொடுத்துவிட்டாள்.

இனிதான் உன் விஷயம். நுழைவுத் தேர்வு விண்ணப்பத்துக்காக நீ மெயிலில் அனுப்பிய படத்தை நான் பாஸ்போர்ட் சைஸில் பிரிண்ட் போட்டு உன் முகவரிக்கு அனுப்பினேன் அல்லவா? எங்கள் ஸ்டூடியோவில் எந்த முகத்தையும் வந்தபடியே வெளியே விடமாட்டோம். பரு போகும், கண்ணுக்குக் கீழே கருவளையம் போகும், நிறம் இரண்டு படி ஏறும். வரன் பார்ப்பதற்கான படம் என்றால் மூன்று படி. உன் படத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. தாடையில் இருக்கிற தழும்பைக்கூட எடுக்கவில்லை, அதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஷீட்டில் எட்டுப் படம் விழும். ஆறு உனக்கு, ஒன்று என் இயற்பியல் புத்தக அட்டைக்குள். எட்டாவதைப் படம் வெட்டுகிற கட்டருக்கு அடியில் மறந்துவிட்டேன்.

போன வாரம் அது அப்பா கையில் கிடைத்தது. "ஏன்டா, மூஞ்சியில ஒண்ணுமே பண்ணாம அப்படியே குடுத்திருக்க? கஸ்டமர் காறித் துப்ப மாட்டானா?" என்று கத்திவிட்டு, கம்ப்யூட்டரில் உன் படத்தைத் தேடி எடுத்து அவரே திருத்த உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம். திருத்தத் திருத்த அவருக்கே உன் மேல் ஆசை வந்துவிட்டது. "என்ன களையான முகம்டா!" என்று பெரிதாகப் பிரிண்ட் போட்டு, வாசல் கண்ணாடிப் பெட்டியில் நடுவில் மாட்டிவிட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நீ எங்கள் கடை வாசலில் தொங்குகிறாய். தழும்பு இல்லை, உதட்டில் லேசாகச் சிவப்பு வேறு. யார் இந்தப் பையன் என்று எதிர்க்கடை தையல்காரர் கேட்டதற்கு அப்பா, "நம்ம கஸ்டமர்தான். நாலு வயசு கூட இருந்தா எம்பொண்ணுக்கே கேட்டிருப்பேன்" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணாடி துடைக்கிற சாக்கில் நான் வெளியே போனேன். வெளியே நீ, உள்ளே அப்பா. எந்தப் பக்கமும் நிற்க முடியாமல் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன். உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை.

அதனால் பதினான்காம் தேதி வராதே. நீ படியேறினாலே அப்பா உன்னைக் கண்டுபிடித்துவிடுவார். அதைச் சமாளித்துவிடலாம், மெயிலில் ஆர்டர் கொடுத்தவன் என்று நீ சொன்னால் போதும். என் முகத்தை நினைத்துத்தான் பயம். இருபத்திரண்டு வருஷமாக முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறவர், உன்னைப் பார்த்துவிட்டு அப்படியே என் பக்கம் திரும்பினால்? அப்புறம் பேரைச் சொல் என்று கேட்கவே மாட்டார். அடிப்பார் என்று பயப்படவில்லை. அந்தப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு பேசாமல் இருந்துவிடுவார். அதை என்னால் தாங்க முடியாது.

வராதே என்று எழுதி, மடித்து, உறையிலும் போட்டுவிட்டேன். அப்பா சாப்பிட்டு வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. மறுபடி பிரித்துவிட்டேன்.

பதினான்கு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் கேமரா என்னிடம்தான். அப்பா முன்பக்கம் கம்ப்யூட்டரில் இருப்பார், படம் எடுக்கிற உள்ளறைக்குத் திரை உண்டு. இன்னொரு பாஸ்போர்ட் படம் எடுக்கணும் என்று சொன்னால் உன்னையும் அங்கேதான் அனுப்புவார். ஸ்டூலில் உட்காருகிறவர்களின் தோளைத் தொட்டு நேராக்குவதும் முகவாயைத் தூக்கிவிடுவதும் என் வேலை, அதை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பாஸ்போர்ட் படத்தில் தோளுக்குக் கீழே எதுவும் விழாது. கை விழவே விழாது. நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். இப்போதைக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான், கோபித்துக்கொள்ளாதே.

இதற்குப் பதில் எழுதாதே, கடைக்கு வரும் தபாலை அப்பாதான் பிரிப்பார். நீ வருகிறாயா இல்லையா என்று தெரியாமலே நான் அன்று காத்திருப்பேன்.

வந்தால் ஒரே ஒரு உதவி செய். அப்பா உன்னைப் பார்த்ததும், "அட, நீதானா தம்பி!" என்று எழுந்து வந்து கையைக் குலுக்குவார். அவரோடு நன்றாகப் பேசு. என் பக்கம் திரும்பிச் சிரித்துவிடாதே. நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன்.

பத்திரமாகப் பயணம் செய்.

இப்படிக்கு,
உன்
கட்டைவண்டி