துணைக் கேள்விக்கான குறிப்பு

ஜூலை 8, திங்கள்

சட்டமன்றத்திலிருந்து கேள்வி வந்திருக்கிறது. எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தின் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஏழு மாதமாக ஏன் சம்பளம் தரவில்லை என்று ஓர் உறுப்பினர் அமைச்சரைக் கேட்டிருக்கிறார். அமைச்சர் புதுச்சேரியில் எழுந்து நின்று சொல்லப்போகும் பதிலைக் காரைக்காலில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து நான் எழுத வேண்டும். இதுதான் நடைமுறை. யாரைப் பற்றிப் புகாரோ அவரே விடை எழுதும் பரீட்சை.

ஆணையர் பாலகுரு அறை வாசலில் நின்றபடியே சொன்னார்: “‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ன்னு போட்ருங்க மேடம். எப்பவும் போடுறதுதானே.”

போட்டேன்.

ஜூலை 10

அமுதம் வந்தார். குரும்பகரத்திலிருந்து விடியலிலேயே வந்து கடைத்தெருவைக் கூட்டுபவர். சம்பளம் இல்லாமலும் தினமும் கூட்டுகிறார்கள், எல்லோரும்தான்.

“ஏம்மா, சட்டசபையில நம்மளப் பத்திப் பேசப் போறாங்களாமே. பேசுனா சம்பளம் வருமா?”

தெரியவில்லை என்றேன்.

“தெரியலன்னு சொல்ற ஒரே ஆளு நீங்கதாம்மா. மத்தவங்கல்லாம் அடுத்த மாசம் அடுத்த மாசம்ங்கிறாங்க.” சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஜூலை 11

பதிலோடு ஒரு குறிப்பும் போக வேண்டும். சபையில் துணைக் கேள்வி எழுந்தால் அமைச்சர் திணறாமல் இருப்பதற்கு. அவர் பார்வைக்கு மட்டும். யாரும் படிப்பதில்லை என்பதால் பழைய குறிப்பையே தேதி மாற்றி அனுப்புவது வழக்கம்.

இந்த முறை உள்ளதை எழுதினேன். வணிக வளாகம் கட்ட வாங்கிய கடன். கடைகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது, வாடகை வரவில்லை. புதுச்சேரியிலிருக்கும் உள்ளாட்சி இயக்குநரகமோ எங்களுக்கு வரும் மானியத்தில் தவணையை முதலில் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறது. மிச்சம் சம்பளத்துக்குப் போதவில்லை. தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லி நாங்கள் அனுப்பிய கோப்பு இரண்டு ஆண்டாக அதே இயக்குநரகத்தில் கிடக்கிறது.

ஏன் எழுதினேன்? அமுதத்துக்காக என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் பொய்யாக ஒரு பக்கம் எழுதச் சோம்பலாக இருந்தது. அப்படியும் இருக்கலாம்.

ஆணையர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கடவுளே.

ஜெகபர் சாதிக்கின் கைபேசியில் நேரலை பார்த்தோம். எழுத்தர் அவர், எனக்கு எதிர் மேஜை. அமைச்சர் எங்கள் ஒற்றை வரியைப் படித்தார். உறுப்பினர் விடவில்லை: “ஏழு மாசமா தகவலையா சேகரிக்கிறீங்க? அவங்க தினமும் ஊர்க்குப்பையவே சேகரிச்சு முடிச்சிடுறாங்களே!” சபையே சிரித்தது. அமைச்சருக்கு முகம் சிவந்தது. தாள்களைப் புரட்டினார், கையில் அகப்பட்டதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். என் குறிப்பு! வளாகம், பூட்டிய கடைகள், பிடித்தம்... “இரண்டு ஆண்டாக இயக்குநரகத்தில்” என்ற இடத்தில்தான் நிறுத்தினார். அதிகாரிகள் பக்கம் திரும்பி ஒரு பார்வை. அப்புறம் சபாநாயகரைப் பார்த்து, “மூணு மாசத்துல குடுத்துடுவோம்.”

சாதிக் கைபேசியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். “ஏனாம்ல மீனு நல்லாருக்குமாம் மேடம். பெட்டியக் கட்டுங்க.”

கணக்குத் துறைக்காரியை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம். ஆந்திரக் கரையில் ஏனாம், கேரளக் கரையில் மாஹே, எல்லாமே புதுச்சேரிதான். ஐம்பது வயதில் தெலுங்கா படிப்பது?

ஆகஸ்ட் 7

“இத யாரு எழுதுனது?” — ஆணையர், எல்லோர் முன்னாலும்.

“நான்தான் எழுதினேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க.”

“படிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே எழுதியிருக்கீங்க?”



ஆகஸ்ட் 11

தம்பி லுதோவிக் பிரான்சிலிருந்து, லியோனிலிருந்து பேசினான். அக்கா என்று கூப்பிட மாட்டான், பெயர்தான். “பென்ஷன் வரைக்கும் வாயத் திறக்காம இருந்திருக்கலாம்ல மகாலி?” வாயை எங்கே திறந்தேன்.

செப்டம்பர் 3

மாற்றல் ஆணை வரவில்லை. வேறொரு கடிதம் வந்தது. சபையில் அமைச்சர் ஒன்றைச் செய்வதாகச் சொன்னால், அது நடக்கும்வரை துருவிக்கொண்டே இருக்கச் சட்டமன்றத்தில் ஓர் உறுதிமொழிக் குழு உண்டு. அந்தக் குழு எங்கள் அலுவலகத்துக்கு வருகிறதாம். பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சமாசாரம். வேலை செய்யும் என்று அப்போது நம்பவில்லை. இப்போதும் இல்லை.

செப்டம்பர் 20

வந்தார்கள். டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். குழுத் தலைவர் பணியாளர்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். கூட வந்திருந்த உள்ளாட்சி இயக்குநர் “பரிசீலனையில்...” என்று ஆரம்பித்தார்.

“அது வேணாம் சார். தேதி சொல்லுங்க” என்றார் தலைவர்.

இயக்குநர் கோப்பைப் புரட்டினார். பின் வரிசையிலிருந்து அமுதம்: “தீவாளிக்கு முன்னாடின்னு எழுதிக்கிங்க ஐயா. புள்ளைங்ககிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

தலைவர் எழுதிக்கொண்டார். இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

அக்டோபர் 15

தவணைக் காலம் நீட்டிய ஆணை வந்தது. முதலில் சம்பளம், பிறகே பிடித்தம். கடன் குறையவில்லை, நீண்டிருக்கிறது. வட்டி கூடும். இதையும் ஒருநாள் யாராவது கேட்க வேண்டும். கொம்யூனுக்குத் தேர்தல் நடந்து எவ்வளவு காலமாகிறது, கேட்பதற்குக் கவுன்சிலர்கூட இல்லை. என்றாலும், பூட்டிய கடைகளை ஏலம்விட ஆணையரே விளம்பரம் தயாரித்துக் கொண்டுவந்தார். “படிச்சுட்டேன் மேடம். நீங்களும் படிச்சுட்டுச் சொல்லுங்க.” முகம் இன்னும் உர்ரென்றுதான் இருக்கிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

பஸ்ஸை விட்டு இறங்கினால் கடைத்தெரு முழுக்கக் குப்பை. வாழைச்சருகு, பட்டாசுக் காகிதம், தேநீர்க் கோப்பைகள், நடுவில் ஒரு மாடு. சம்பளமே இல்லாத மாதங்களில் ஒரு நாளும் தெரு இப்படிக் கிடந்ததில்லை.

வங்கி வாசலைத் தாண்டும்போது புரிந்தது. எங்கள் துப்புரவுப் பணியாளர்களின் பச்சைக் கோட்டு வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. ஐந்து மாதச் சம்பளம் ஏறியிருக்கிறது. மீதி பொங்கலுக்காம். பார்ப்போம்.

அமுதம் வரிசையிலிருந்தே கத்தினார்: “பதினோரு மணிக்கு வந்து கூட்டிடுறோம்மா! அதுவரைக்கும் பாத்துப் போங்க!”

புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சருகுகளுக்கு நடுவே நடந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.