மேல் குடாநாட்டு மாப்பிள்ளை

நவம்பர் 8, சனி

விடியற்காலையிலிருந்து தூறல். துவைத்த துணி காயவில்லை, ஹீட்டருக்கு மேலே கிடக்கிறது. வீடு முழுக்க ஈர மணம். நான் சமைக்கும் பள்ளிக்கூடக் கன்ரீனுக்கு இன்று லீவு. ஆனாலும் தலைக்கு ஓய்வில்லை.

காரணம் மகள் தரணிக்கு வந்திருக்கும் சம்பந்தம். பெடியன் பெயர் செந்தூரன். சாதகம் பொருந்திவிட்டது. இரண்டு மாதமாக வீடியோவில் கதைக்கிறார்கள். படிப்பு, வேலை, தாய் தகப்பன் எல்லாம் சரி. இடம்தான் பிடிபடவில்லை.

அமெரிக்கா என்றார்கள். சரி. மிச்சிகன் மாநிலம் என்றார்கள். அதுவும் சரி, இவருடைய ஒன்றுவிட்ட தமையன் நேசன் அண்ணை டிட்ரோயிட்டில், அதே மாநிலம்தானே என்று ஆறுதல்பட்டேன். இன்று தரணியின் கணினியில் படத்தைப் பார்த்தால் மாநிலம் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. நடுவில் தண்ணீர். டிட்ரோயிட் கீழ்த் துண்டில். பெடியன் மேல் துண்டில், அதிலும் ஏரிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் முனையில். அந்த மேல் துண்டு ஒட்டியிருப்பது விஸ்கொன்சின் என்ற பக்கத்து மாநிலத்தோடு. அப்படியானால் ஏன் விஸ்கொன்சினுக்குக் கொடுக்கவில்லை? யாரைக் கேட்பது?

இவரைக் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பெயரே மேல் குடாநாடாம்.

"யாழ்ப்பாணக் குடாநாட்டில இருந்து உயிர் தப்பி வந்தனாங்கள். பிள்ளையைத் திரும்பக் குடாநாட்டுக்கே குடுக்கப்போறம்."

அவருக்கு எல்லாம் பகிடி.

வாங்க: கறிவேப்பிலை, மாசிக் கருவாடு, பல்ப் ஒன்று. திருத்தக் கொடுத்த சப்பாத்து எடுக்க.

நவம்பர் 9, ஞாயிறு

மழை இல்லை. பின்னேரம் செந்தூரன் எங்களோடும் கதைத்தான். பின்னால் ஜன்னல், ஜன்னல் முழுக்க வெள்ளை. நவம்பரிலேயே. ஏப்ரல் வரைக்கும் இப்படித்தானாம். அதைச் சொல்லும்போது ஒரு பெருமை வேறு.

இடத்தைக் கையால் காட்டினான். அங்கே எல்லாரும் அப்படித்தான் காட்டுவார்களாம். வலது உள்ளங்கையை முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தால் கீழ்க் குடாநாடு. பெருவிரலுக்குக் கீழே டிட்ரோயிட். இடது கையை அதற்கு மேலே குறுக்கே படுக்க வைத்தால் மேல் குடாநாடு.

"இடக்கைப் பெருவிரல் மேல நிக்குது பாருங்கோ அன்ரி, அதில நான்."

நானும் இவரும் சோபா செற்றியில் இருந்தபடி கையைத் தூக்கிக்கொண்டு. தரணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

தலைநகர் டிட்ரோயிட்தானே என்றேன். இல்லையாம், லான்சிங். கேள்விப்பட்டதே இல்லை. கவர்னர் ஒருவர், சட்டம் போட இரண்டு சபை. வாஷிங்டனில் இருப்பது வேறு அரசாங்கம். எந்தச் சட்டம் யாருடையது என்று அங்கே இருப்பவர்களுக்காவது தெரியுமா? மேல் குடாநாட்டில் நாலு மாவட்டத்துக்கு மட்டும் மணி வேறு. ஏன் என்றால், விஸ்கொன்சினோடு ஒட்டியிருக்கிறதால் என்கிறான். இவ்வளவு ஒட்டென்றால் அங்கேயே இருந்திருக்கலாமே.

வேலை, பழைய செம்புச் சுரங்கங்களிலிருந்து வரும் தண்ணீரைப் பரிசோதிப்பது. மரியாதையான பிள்ளை. சிரிப்பும் நல்ல சிரிப்பு. அதுதான் பயமாக இருக்கிறது.

கதை முடிந்து இவரும் தரணியும் எழும்பிப் போன பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நேசன் அண்ணைக்கு போன் போட்டேன். ஒரு சம்பந்தம் என்றால் ஆள் விட்டு விசாரிக்காமல் எங்கள் பக்கத்தில் யார் செய்தார்கள்? ஒரே மாநிலம்தானே அண்ணை, ஒருக்கா எட்டிப் பார்த்துவிட்டு வாங்கோவன் என்றேன். இங்கே லண்டனுக்குள் நோர்பரியிலிருந்து எட்மண்டனுக்குப் போய் வருகிற மாதிரி. இந்தப் பனிக்காலத்திலோ என்று கேட்டார் அண்ணை. பிறகு, "ஓம் தங்கச்சி, பாப்பம்."

இவருக்குச் சொல்லவில்லை. தரணிக்கு அறவே சொல்லவில்லை.

இங்கே ஒளிக்காமல் எழுதலாம். எனக்குக் குறை வேண்டும். குடி, கோபம், அங்கே ஒரு பெட்டையோடு தொடர்பு, ஏதாவது ஒன்று. ஒன்று கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

நவம்பர் 12, புதன்

காற்று. கன்ரீனில் பாஸ்தா, பிள்ளைகள் பாதியை எறிந்துவிட்டார்கள். இடைவேளையில் போனில் மிச்சிகன் வாசித்தேன்.

முதலில் பிரெஞ்சுக்காரன், பிறகு இங்கிலாந்துக்காரன் (இவன் போகாத இடம் உண்டா), பிறகு அமெரிக்கா. மாநிலமாக வரப் போகும் நேரத்தில் கீழே இருக்கும் ஒஹையோவோடு எல்லைச் சண்டை. டொலிடோ என்ற ஊர் யாருக்கு என்று. அப்போதைய மிச்சிகன் கவர்னர் இருபது சொச்சம் வயதுப் பெடியனாம். கடைசியில் டொலிடோவை ஒஹையோவுக்கு விட்டுக்கொடுத்தால்தான் மாநிலம் என்று வாஷிங்டன் சொல்லிவிட்டது. நட்டத்துக்கு ஈடாகக் கொடுத்ததுதான் மேல் துண்டு. குளிர்க்காட்டை வைத்து என்ன செய்வது என்று மிச்சிகன்காரர் முறுமுறுத்தார்கள். பிறகு பார்த்தால் செம்பு, இரும்பு என்று அள்ளக் குறையவில்லை. ஆதியிலிருந்து அங்கே இருந்த சனத்தை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆக, பறிகொடுத்ததற்குப் பதிலாக வந்த இடம். விஸ்கொன்சினுக்கு ஏன் போகவில்லை என்பது இப்போது விளங்குகிறது. விளங்கி என்ன பயன்.

வரும் வழியில் கடைக்கார ராணி பிடித்துக்கொண்டாள். மகளுக்குச் சரிவந்துவிட்டதாமே, அமெரிக்காவில் எங்கே என்று. டிட்ரோயிட் பக்கம் என்று சொல்லிவைத்தேன். டிட்ரோயிட் என்றால் யாருக்கும் தெரியும்.

நவம்பர் 15, சனி

வெயில், ஆனால் கடும் குளிர். மத்தியானம் நேசன் அண்ணையின் மனைவியிடமிருந்து போன். அண்ணை நேற்றுக் காலை காரில் வெளிக்கிட்டவராம். அங்கே பனிக்காற்று. இரவிலிருந்து போன் வேலை செய்யவில்லை.

எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பத்து மணித்தியாலத்துக்குக் குறையாதாம். டிட்ரோயிட்டிலிருந்து வாஷிங்டன் அதைவிடக் கிட்டவாம். ஒரே மாநிலம்! எழுபது வயது, நெஞ்சில் ஒப்பரேஷன் செய்த மனுசன்.

இவருக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. அது கத்துவதைவிட மோசம். அண்ணை ஏலாதென்று சொல்லியிருக்கலாமே என்று நான் அழுதேன்.

"சம்மந்த விசயத்தில எங்கட ஆக்கள் எப்ப ஏலாதெண்டு சொன்னவை?"

சோறு இறங்கவில்லை. தரணி ஷிப்ட் முடிந்து வந்து என்ன நடந்தது என்று கேட்டாள். தலையிடி என்றேன். சாமித் தட்டுக்கு முன்னால் நேசன் அண்ணைக்காக ஒரு நேர்த்திக்கடன் வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அண்ணை உயிரோடு இருக்கிறார். முதலில் அதை எழுத வேண்டும்.

பின்னேரம் போன் வந்தது. வந்தது செந்தூரன் வீட்டிலிருந்து! இரண்டு துண்டையும் சேர்க்க ஒரே ஒரு பாலம். காற்றுக்கு அதை மூடிவிட்டார்கள். அண்ணை கீழ்த் துண்டுப் பக்கத்துப் பெற்றோல் செட்டில் நின்றிருக்கிறார், போனும் செத்துவிட்டது. வீட்டு நம்பர் மனப்பாடமில்லை, கையிலிருந்த சாதகக் குறிப்பில் பெடியனுடைய நம்பரைப் பார்த்துக் கடைப் போனில் அடித்திருக்கிறார். பெடியன் அந்த நேரமே வெளிக்கிட்டு, அந்தப் பனியில் ஐந்தாறு மணித்தியாலம் ஓடி, பாலத்துக்கு அந்தப் பக்கம் காருக்குள்ளேயே கிடந்து, நேற்றிரவு திறந்ததும் இந்தப் பக்கம் வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

அண்ணை காரில் ஏறினவுடனேயே தான் விசாரிக்க வந்த ஆள் என்று உண்மையைச் சொல்லிவிட்டாராம். வீட்டுக்குப் போனதும் அவன் அலுமாரி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வந்த வேலையைப் பாருங்கோ அங்கிள் என்றானாம்.

"குறை ஒண்டும் இல்லையோ அண்ணை?"

"தேடினனான் தங்கச்சி. கறியில உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தரணி. எல்லாம் கேட்டுவிட்டாள். முகம் சிவந்து போய்.

"எனக்கு முப்பது வயசு அம்மா. ஸ்பை அனுப்பியிருக்கிறீங்கள். அதுவும் ஹார்ட் பேஷண்ட்டை."

சொல்ல நினைக்காதது வாயில் வந்தது.

"குறை கிடைக்குமெண்டுதான் பாத்தனான். கிடைச்சா உன்னை அவ்வளவு தூரம் விடத் தேவையில்லை."

செற்றியில் இருந்துவிட்டாள். பிறகு மெதுவாக, வியாழக்கிழமையே அவனுக்கு ஓம் சொல்லிவிட்டாளாம். எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். நான் அவளுக்கு ஒளிக்க, அவள் எனக்கு ஒளிக்க, நடுவில் பாவம் நேசன் அண்ணை.

நவம்பர் 19, புதன்

மழை. கன்ரீனில் கறிக்கு உப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அண்ணையை செந்தூரன் பாலத்துக்கு இந்தப் பக்கம் வரை கொண்டுவந்து அவருடைய காரில் ஏற்றிவிட்டானாம். சுகமாக வீடு சேர்ந்துவிட்டார்.

நல்ல பெடியன் என்றால் சந்தோசப்பட வேண்டும். சந்தோசம்தான். பிறகு ஏன் இப்படி? லண்டனிலிருந்து சிகாகோ, அங்கிருந்து சின்ன பிளேன். பனி என்றால் அதுவும் ஓடாது. நோய் வருத்தம் வந்தால் யார் பார்ப்பது, எந்த அரசாங்கத்திடம் போவது, ஒன்றும் விளங்கவில்லை. கவர்னரா, வாஷிங்டனா? இவரைக் கேட்டால் பிள்ளையைப் பார்ப்பது புருசன், கவர்னர் இல்லை என்கிறார்.

நவம்பர் 22, சனி

தூறல். தரணியோடு சட்டன் கடைத்தெருவுக்குப் போய்ப் பனிக்கோட்டு வாங்கினோம். போட்டுக் காட்டினாள். முகம் மட்டும்தான் தெரிந்தது. காசை நான்தான் கொடுப்பேன் என்று நின்று கொடுத்தேன். அவள் அங்கிருந்து வேலைக்குப் போனாள், நான் கோட்டுப் பையோடு நோர்பரிக்கு வந்து அரிசியும் மரக்கறியும் வாங்கினேன்.

கடை வாசலில் ராணி.

"டிட்ரோயிட்டுக்கு இவ்வளவு பெரிய கோட்டோ?"

டிட்ரோயிட் இல்லை என்றேன்.

"அப்ப எங்க?"

அரிசிப் பையை இடக்கைக்கு மாற்றி, வலது உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினேன். இதுதான் மிச்சிகன் என்றேன். இதில் எங்கே என்று ராணி என் கைக்குள் குனிந்து பார்த்தாள். இதில் இல்லை. தரணி போகிற இடம் இந்தக் கையில் இல்லை. பைகள் எல்லாவற்றையும் ஈர நிலத்தில் வைத்துவிட்டு மற்றக் கையையும் தூக்கினேன்.