மிளகாய்ப் புகை

5 மார்ச் 1979

மழை. பஸ் வரவில்லை, நனைந்துகொண்டே வார்டுக்குப் போனேன். மூன்றாம் கட்டிலில் மறுபடியும் அந்தப் பிள்ளை, வீரம்மா. ஆறு வயது. ரப்பர் தோட்டத்து லோரி டிரைவர் சின்னையாவின் மகள். பெற்றவள் இல்லை. தூக்கிக்கொண்டு வந்தவள் சித்தி செல்லாயி. பிள்ளைக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடக்கிறது, மூச்சு இழுக்கிறது. பொங்கலுக்குப் பிறகு இது மூன்றாம் தடவை.

டாக்டர் லிம்முக்குத் தமிழ் தெரியாது. தோட்டத்து ஆட்கள் வந்தால் நர்ஸ் நான்தான் நடுவில் நின்று பேச வேண்டும். என்ன ஆச்சு என்று கேட்டேன். "திருஷ்டி கழிச்சேன் மிஸி. மொளகா சுட்டேன், பொகை பட்டிருச்சு" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

யாருக்குக் காது குத்துகிறாள்? நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியாக இருந்தால் என்ன, தமிழச்சிதானே. திருஷ்டி சுற்றி அடுப்பில் போடுகிற நாலு மிளகாயில் பிள்ளையின் புருவம் கருகுமா? கணுக்கால் இரண்டிலும் கன்றிப்போன விரல் தடம் வேறு. தலைகீழாய்ப் பிடித்துப் புகையில் காட்டியிருக்கிறார்கள்.

6 மார்ச்

சித்தி. வேறு யார்?

டாக்டர் கேட்டார், நீ என்ன நினைக்கிறாய் என்று. மாற்றாந்தாய்தான் செய்திருக்கிறாள், அவள் முழங்கையில் இருக்கும் தீக்காயமே சாட்சி, விசாரிக்கவே தேவையில்லை என்றேன். அவர் வெல்பேர் ஆபீசுக்கு அப்படியே எழுதிவிட்டார்.

7 மார்ச்

சாயங்காலம் அப்பன் வந்தான். மைலோ டின், பிஸ்கட், வார்டில் எல்லோருக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு. "மிஸி, நீங்க இருக்கறதால நான் கவலையில்லாம லோரி ஓட்டுறேன்லா" என்றான். பாவம், தங்கமான மனுஷன். அவன் இருந்த வரைக்கும் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். என்ன மரியாதை என்று வார்டு சிஸ்டர் பெட்ரீசியாவிடம் சொன்னேன்.

அவன் போன பிறகு படுக்கை நனைந்திருந்தது. அந்தச் சித்திக்காரி வைத்த பயம், வேறென்ன.

9 மார்ச்

இன்றைக்கு அவளை விடவில்லை. சோற்றுத் தூக்கோடு வந்தவளை வராந்தாவில் நிறுத்தி, நாலு பேர் பார்க்கக் கேட்டேன்: "ஒனக்குன்னு ஒண்ணு பொறக்கல, அதுக்காக அடுத்தவ பெத்ததை வதைப்பியா?" கல்லுளிமங்கி. தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிள்ளை அவளைக் கேட்டு முனகிக்கொண்டே கிடந்தாள். "பயம்லா, அதான் ஒட்டிக்குது" என்றார் சிஸ்டர். நானும் தலையாட்டினேன்.

14 மார்ச்

வெல்பேர் முடிவு வந்துவிட்டது. சித்தி அந்த வீட்டில் இருக்கக் கூடாது, பிள்ளை அப்பனோடு போக வேண்டும். செல்லாயி சுங்கை சிப்புட்டில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளாம். ஒழிந்தாள். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

15 மார்ச்

எழுதிவிட வேண்டும்.

வீட்டுக்குப் போகிற பிள்ளை என்று தலை சீவிவிட்டேன். "இனி சித்தி இல்ல, பயப்படாத. அப்பாவோட ஜாலியா இருக்கலாம்" என்றேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "சித்தி இல்லாட்டி என்னைய யாரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வருவா?"

பின்னலைக் கட்ட ரிப்பனை எடுத்தேன். அதற்குள் சின்னையா வந்துவிட்டான், புதுச் செருப்போடு. முட்டி போட்டு, வாரை மாட்ட அவள் கணுக்காலைப் பிடித்தான். பிள்ளை கண்ணை இறுக்கி மூடி, மூச்சை அடக்கிக்கொண்டாள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளை மாதிரி.

ஐயோ. அந்தக் கை. கணுக்காலைச் சுற்றிவளைத்த அந்தத் தடம் செல்லாயியின் சின்னக் கைக்குப் பொருந்துமா? மூன்று தடவையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் யார்? அடி மடச்சி, நான் கண்ணை எங்கே வைத்திருந்தேன்?

"காய்ச்சல் இருக்கு, இன்னைக்கு அனுப்ப முடியாது" என்றேன்.

"காலைல நல்லாருக்குன்னாங்களே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"இப்ப இருக்கு."

சிரிப்பு போய்விட்டது. "எம்புள்ளைய வச்சிக்க நீ யாருடி?" வார்டே திரும்பிப் பார்த்தது. தங்கமான மனுஷன்! கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். பிடித்துத் தள்ளினாலும் நகர்ந்திருக்க மாட்டேன். வாசலில் காவல் நிற்கும் ஜாகா வந்து அவனை வெளியே கூட்டிப் போனார்.

இல்லாத காய்ச்சலைச் சொன்னதையும், கணுக்கால் தடம் அப்பன் கை என்பதையும் டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன். நான் சொன்னதை நம்பி எழுதியதற்காக அவரே தன் தலையில் அடித்துக்கொண்டார். வெல்பேருக்குப் போன் போட்டார்.

17 மார்ச்

சுங்கை சிப்புட் போனேன். செல்லாயி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா புள்ளைய அடுப்புலயே போட்டுருவேன்னான். அப்பிடியே சொல்லியிருந்தாலும் யாரு நம்புவா? நீங்களே நம்பியிருப்பிங்களா?"

அவள் முழங்கையிலும் தீக்காயம். புகையிலிருந்து பிள்ளையை இழுத்தபோது அடுப்பு பட்டதாம். வார்டில் அது என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. இவள்தான் செய்திருக்கிறாள் என்பதற்கு அதையே சாட்சியாக டாக்டரிடம் சொன்னவள் நான். மன்னிப்புக் கேட்டேன். போலீசில் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

20 மார்ச்

போலீஸ் சின்னையாவைக் கூட்டிப்போய்விட்டது. போகும்போது என் ஆத்தாளை இழுத்துப் பேசினானாம். பேசட்டும்.

3 ஆகஸ்ட்

வீரம்மா கிளினிக்குக்கு வந்திருந்தாள். பிள்ளையைச் செல்லாயியிடமே கொடுத்துவிட்டார்கள். அக்கா வீட்டில் இருக்கிறார்கள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. பஸ்ஸில் வாந்தி எடுத்த கதையை வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊசியை எடுத்துக்கொண்டு கை நீட்டினேன். செல்லாயி பிள்ளையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"வேற மிஸி இல்லையா?"

இருக்கிறாள் என்றேன். ஊசியை ஜூனியரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.